காலி இடத்தின் விலை 40,40,404.04

அந்த அறிக்கையில் 312 பாலிசிகளுக்கு ஒரே நிலுவைத் தொகை இருந்தது: 40,40,404 டாலர் 4 சென்ட். ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மெயின்ஃபிரேமில் (வங்கி, காப்பீட்டுக் கணக்குகளை ஓட்டும் பெரிய கணினி) இருந்த பாலிசிக் கோப்பை, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதிய பைத்தான் நிரல் முதல்முறையாக முழுவதுமாகப் படித்து முடித்த நாள் அது. சோதனைக் கோப்பில் எல்லாம் சரியாக வந்திருந்ததால், அறிக்கையை அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது எங்கள் குழுவின் மூத்தவர் என் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கோபால் நிரல்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர். (COBOL என்ற அந்தக் கணினி மொழியைத் தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுப் பையன் பெயர்போல் ஆகிவிடுகிறது. என்ன செய்வது, வேறு எப்படியும் எழுத வரவில்லை.) எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது பணம் இல்லை, காலி இடம்" என்றார்.

மெயின்ஃபிரேமின் எழுத்துமுறைக்கு எப்சிடிக் என்று பெயர். ஐபிஎம் 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தபோது வந்தது. இன்றுவரை அப்படியே இருக்கிறது. நம் கணினிகளின் ஆஸ்கி எழுத்துமுறையில் இடைவெளியின் குறியீடு பதினறும எண்ணில் (ஹெக்ஸ்: 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப்) 20. எப்சிடிக்கில் அது 40. அந்த நிலுவைத் தொகை 5 பைட் நீளமுள்ள காம்ப்-3 புலம், அதாவது பதிவில் ஒரு மதிப்புக்கென்று ஒதுக்கிய இடம். காம்ப்-3 என்றால் ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை நெருக்கி வைத்து, கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறியை வைக்கும் முறை. 5 பைட்டில் 9 இலக்கம், ஒரு குறி. யாரோ அந்தப் புலத்தில் தொகை எதுவும் போடாமல் இடைவெளிகளை நிரப்பி வைத்திருந்தார்கள். 40, 40, 40, 40, 40. என் நிரல் அதை ஒரு பெரிய எண்ணாகப் படித்தது. கடைசி இரண்டு இலக்கம் சென்ட் என்று காபிபுக் (எந்தப் புலம் எங்கே, எத்தனை பைட் என்று சொல்லும் கோபால் விவரப் பட்டியல்) சொன்னதால் புள்ளியையும் ஒழுங்காக வைத்தது. குறி இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருந்தது. நானோ, கழித்தலைக் குறிக்கும் எழுத்து இல்லையென்றால் கூட்டல் என்று எழுதி வைத்திருந்தேன்.

நம் ஊர் வழக்கப்படி காற்புள்ளி போட்டிருந்ததால்தான் அவர் கண்ணில் அது உடனே பட்டது. அமெரிக்க முறையில் 4,040,404 என்று எழுதியிருந்தால் அவருக்குமே இன்னும் இரண்டு நிமிடம் பிடித்திருக்கும்.

எனக்குப் புரியாதது வேறொன்று. அதே கோப்பை அங்கே தினமும் கோபால் நிரல் படிக்கிறது. காம்ப்-3 புலத்தில் குப்பை இருந்து அதைக் கணக்கில் சேர்த்தால் மெயின்ஃபிரேம் பொறுக்காது. சாக் செவன் என்று நாங்கள் சொல்லும் பிழையோடு வேலை அப்படியே விழுந்துவிடும். இத்தனை வருடம் எப்படி விழாமல் இருந்தது? மூத்தவர் நிரலைத் திறந்து காட்டினார். நிலைக் குறியீடு ரத்து என்று இருந்தால் அந்தத் தொகையின் பக்கமே போகாமல் அடுத்த பதிவுக்குத் தாவிவிடும் ஒரு வரி இருந்தது. 312 பாலிசிகளும் ரத்தானவை. ரத்தான பாலிசிக்குத் தொகைப் புலம் செல்லாது என்ற செய்தி காபிபுக்கில் இல்லை, எந்த ஆவணத்திலும் இல்லை. அந்த ஒரு வரியில் மட்டும் இருந்தது. நான் காபிபுக்கை மட்டும் வைத்துக்கொண்டு பைத்தான் எழுதியிருந்தேன். வீட்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கண்டுபிடிக்கப் பார்த்தவன் கதைதான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு கோப்பைப் படிக்கும் முன், அதைப் படிக்கும் கோபால் நிரல்களில் குறைந்தது இரண்டையாவது திறந்து, எந்தப் புலத்தைத் தொடும் முன் எந்தப் புலத்தைச் சோதிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். அரை நாள் வேலை. அதை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு அரை மாதம் கொடுப்பார்கள்.

காம்ப்-3 புலத்தைப் பிரிப்பது பைத்தானில் மிக எளிது. பைட்களை ஹெக்ஸ் சரமாக மாற்றினால் போதும். கடைசி எழுத்து குறி, மற்றவை எல்லாம் அப்படியே இலக்கங்கள். குறி சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல், எஃப் என்றால் குறியில்லாத எண். ஏ, பி, இ ஆகியவையும் விதிப்படி செல்லும் என்றாலும் நான் பார்த்த கோப்புகளில் அவை இயல்பாக வந்ததில்லை. வந்தால் எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள். அதனால் முதல் மூன்றைத் தவிர எது வந்தாலும் எண்ணாக மாற்றாமல், பதிவை அப்படியே ஒதுக்கல் கோப்பில் போட்டுவிடுகிறேன். தொகையை டெசிமல் வகையில் (இலக்கங்களைத் துல்லியமாக வைப்பது) வையுங்கள், ஃபுளோட் (தோராயமாக வைப்பது) வேண்டாம். லட்சக்கணக்கான வரிகளைக் கூட்டும்போது ஃபுளோட்டில் சில சென்ட் நழுவலாம். கணக்குப் பிரிவினர் அந்தச் சில சென்டுக்காக ஒரு வாரம் உங்களை உட்கார வைப்பார்கள். அவர்கள் செய்வது நியாயம்தான்.

காம்ப் என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு, இரும எண். என் நிரல் ஒரு கிளை எண்ணை 1,67,77,216 என்று காட்டியது. உண்மையில் அது கிளை எண் 1. மெயின்ஃபிரேம் பெரிய பைட்டை முதலில் வைக்கும், நம் இன்டெல் கணினிகள் கடைசியில் வைக்கும். பைட்களை எண்ணாக மாற்றும் பைத்தானின் ஸ்ட்ரக்ட் மாட்யூலில், வடிவக் குறிக்கு முன்னால் ஒரு பெரியது குறி (>) சேர்த்தால் தீர்ந்தது.

இதற்கெல்லாம் முன்னால் கோப்பு முழுசாக வந்து சேர வேண்டுமே. நான் செய்த முதல் தவறே அங்கேதான். எஃப்டிபியில் (கோப்புகளைக் கணினிக்குக் கணினி அனுப்பும் முறை) எழுத்து முறையில் இறக்கினால் அதுவே எப்சிடிக்கை ஆஸ்கியாக மாற்றிக் கொடுத்துவிடும். பெயர்களும் முகவரிகளும் அழகாகத் தெரியும், தொகைகள் மட்டும் பாழாகிவிடும். 12345 என்ற எண் காம்ப்-3இல் 12, 34, 5சி என்று மூன்று பைட்டாக இருக்கும். அந்த 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி. மாற்றுகிறவன் கண்ணுக்கு அது எண்ணாகத் தெரியாது. நட்சத்திரம் என்று நினைத்து ஆஸ்கி நட்சத்திரமான 2ஏ-வை எழுதி வைப்பான். இதற்கிடையில் வரி முடிவுகள் வேறு நுழையும். பிறகு எதைத் திருப்பி எங்கே பொருத்துவது? கோப்பில் ஒரே ஒரு காம்ப் புலம் இருந்தாலும் பைனரி முறையில்தான் இறக்க வேண்டும். எழுத்துப் புலங்களை மட்டும் பைத்தானில் சிபி037 என்ற குறியீட்டால் மாற்றிக்கொள்ளலாம். அது பைத்தானோடு உள்ளேயே வருகிறது. உங்கள் இடத்தில் 1047 என்ற வேறொரு எப்சிடிக் வகையைப் பயன்படுத்தினால் அது உள்ளே இல்லை, தனித் தொகுப்பு நிறுவ வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு சிறியதுதான், சதுர அடைப்புக்குறிபோலச் சில குறிகளில் மட்டும். அதனாலேயே பல நாள் கண்ணில் படாமல் இருக்கும்.

மாறும் நீளப் பதிவுகள் உள்ள கோப்பு என்றால் இன்னொரு படி உண்டு. ஒவ்வொரு பதிவின் தலையிலும் 4 பைட் இருக்கும். முதல் 2 பைட்டில் அந்த 4-ஐயும் சேர்த்த நீளம். பைனரியாக இறக்கும்போது எஃப்டிபி வழக்கமாக இதை உதறிவிட்டு உடலை மட்டும் அனுப்பும். பதிவுகள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு நீண்ட சங்கிலி உங்கள் கையில் இருக்கும். இறக்கும் முன் சைட் ஆர்டிடபிள்யூ என்று ஒரு கட்டளை அனுப்பினால் தலையோடு வரும். ஒரே வரி. அந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் நான் எழுதிய, பதிவு எங்கே முடிகிறது என்று ஊகிக்கும் நிரலை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், கர்வம் தலைக்கேறும்போது எடுத்துப் பார்க்க.

மூத்தவர் என் பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "இங்கே கொண்டுவந்து ஏன் பிரிக்கிறாய்? அங்கேயே பிரித்துவிட்டுக் கொண்டுவா." மெயின்ஃபிரேமிலேயே இருக்கும், கோப்புகளை வரிசைப்படுத்தி மாற்றியமைக்கும் டிஎஃப்சார்ட்டில் பதினைந்து வரி எழுதினார். எந்த இடத்தில், எத்தனை பைட், அது நெருக்கிய எண், இப்படி அச்சிடு என்று புலம் புலமாகச் சொன்னால் அது படிக்கத் தகுந்த எழுத்தாக மாற்றி வைத்துவிடும். பிறகு எழுத்து முறையிலேயே தைரியமாக இறக்கலாம். கூடவே அதன் துணைக் கருவியான ஐஸ்டூலில் வெரிஃபை என்ற செயலைக் காட்டினார். எண் புலங்களில் செல்லாத இலக்கமோ குறியோ இருந்தால் எந்தப் பதிவு என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த 312-ஐயும் அது முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கும். பைத்தான் தெரிந்தவனுக்கு எல்லாமே பைத்தான் வேலையாகத் தெரிகிறது. புலங்கள் பத்துக்குள், அமைப்பு ஒன்றே என்றால் டிஎஃப்சார்ட் போதும் என்பது இப்போது என் கட்சி. ஒரே கோப்பில் மூன்று வகைப் பதிவுகள் கலந்து, ரீடிஃபைன்ஸ் என்று அதே பைட்களுக்கு மூன்று பொருள் சொல்லும் காபிபுக் என்றால் பைத்தானுக்குப் போகலாம். அப்போதும் பதிவின் வகையைச் சொல்லும் எழுத்தை முதலில் பார்த்துவிட்டே மற்றதைத் தொட வேண்டும்.

டிஎஃப்சார்ட் வேலையை எப்படி ஏவுவது? பலருக்குத் தெரியாத ஒன்று: எஃப்டிபி வழியாகவே மெயின்ஃபிரேமுக்கு வேலை கொடுக்கலாம். சைட் ஃபைல்டைப்=ஜெஸ் என்று அனுப்பிவிட்டு ஜேசிஎல் கோப்பை (மெயின்ஃபிரேம் வேலைக்கான கட்டளைகள்) ஏற்றினால், அது சேமிக்கப்படாமல் நேராக வரிசையில் போய் நின்று ஓடத் தொடங்கும். பைத்தானின் எஃப்டிபிலிப் தொகுப்பே இதற்குப் போதும். வேலை எண்ணைத் திருப்பிச் சொல்லும்; முடிந்ததும் அந்த எண்ணைக் கேட்டு விளைவை வாங்கிக்கொள்ளலாம். முதல்முறை இது நடந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்தும்விட்டேன். கடவுச்சொல் காலாவதியாகியிருந்தது. இணைப்பு கிடைக்காவிட்டால் ஐந்து முறை முயலட்டும் என்று நிரலில் எழுதியிருந்தேன். எங்கள் இடத்தில் ராக்எஃப் என்ற மெயின்ஃபிரேம் காவல் மென்பொருள் மூன்று தவறுக்கு மேல் பொறுக்காது. கணக்கு முடக்கப்பட்டது. அது என் சொந்தக் கணக்கு. அதில்தான் நானும் உள்ளே போக வேண்டும். கடல் தாண்டி உதவி மையத்துக்குப் போன் செய்து, நான் நானேதான் என்று நிரூபிக்க இரவு பதினொன்றாகிவிட்டது. இணைப்பு அறுந்தால் மறுபடி முயலலாம். கடவுச்சொல் தவறு என்று பதில் வந்தால் அந்த நொடியே நிற்க வேண்டும். நிரலுக்கென்று தனிக் கணக்கு கேளுங்கள், படிக்க மட்டும் உரிமையோடு. சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் வெளிப்படையாகப் போகும் என்பதால் டிஎல்எஸ் மறையாக்கம் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். எங்கள் நிரல் ஓடியது வாடிக்கையாளரின் சொந்த லினக்ஸ் சர்வரில்தான். பாலிசிதாரர் விவரம் எதுவும் சென்னைக்கு வரவில்லை. இந்த வேலைக்கான எழுத்து மூல அனுமதி கையில் வந்த பிறகே முதல் வரியை எழுதினேன்.

வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எப்சிடிக்கில் சின்ன எழுத்து முதலில், பெரிய எழுத்து அடுத்து, எண்கள் கடைசியில். ஆஸ்கியில் எண்கள்தான் முதல். அங்கே வரிசைப்படுத்திய கோப்பையும் லினக்ஸில் வரிசைப்படுத்திய கோப்பையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டேன். எண்ணில் தொடங்கும் பாலிசிகள் எல்லாம் காணவில்லை என்று நிரல் சத்தியம் செய்தது. இப்போது எதை ஒப்பிடுவதானாலும் இரண்டையும் என் பக்கத்தில் மறுபடி வரிசைப்படுத்திய பிறகே ஒப்பிடுகிறேன்.

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் சத்தம் போட்டு வந்தவை. என்னை உண்மையில் பயமுறுத்தியது சத்தமே போடாமல் வந்தது.

பாலிசிக் கோப்பு ஒரு தலைமுறைத் தொகுப்பில் இருந்தது. ஒவ்வொரு இரவும் புதிய தலைமுறை ஒன்று பிறக்கும். சுழியம் என்று கேட்டால் அந்த நேரத்தில் புதியது எதுவோ அது கிடைக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதிகாலை 3 மணிக்கு இரவு வேலை முடியும். கோடையில் அது நமக்குப் பகல் 12:30. நான் எங்கள் நேரம் 1 மணிக்கு ஓடும்படி வைத்தேன். மாதக்கணக்கில் நன்றாக ஓடியது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினார்கள். அங்கே 3 மணி என்பது இங்கே 1:30 ஆனது. என் நிரல் 1 மணிக்குப் போய்க் கேட்டபோது புதிய தலைமுறை பிறக்கவில்லை. முந்தைய நாளுடையது கிடைத்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. அறிக்கையில் எண்கள் தினமும் மாறிக்கொண்டும் இருந்தன, ஒருநாள் பிந்தி. ஒன்பது நாள் யாரும் கவனிக்கவில்லை. அங்கே ஒரு அம்மையார், தாம் நேற்று மாலை ரத்து செய்த பாலிசி இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று எழுதிய பிறகுதான் தெரிந்தது.

நேரத்தை நம்பி வேலையை ஏவக் கூடாது. இப்போது கோப்பின் தலைப்பதிவில் உள்ள தேதியை வாசித்து, எதிர்பார்த்த தேதி இல்லையென்றால் நிரல் நின்றுவிடுகிறது. கடைசிப் பதிவில் எத்தனை பதிவுகள், மொத்தத் தொகை எவ்வளவு என்று கோபால் நிரல் எழுதி வைத்திருக்கும். நான் எண்ணியதும் கூட்டியதும் அதோடு ஒத்துப்போனால்தான் அறிக்கை வெளியே போகும். அந்தக் கால நிரலாளர்கள் காகித அட்டைகள் தொலைந்துபோகும் என்று பயந்து ஏற்படுத்திய பழக்கம் அது. எனக்கு அதைவிட நல்ல காவல் இதுவரை கிடைக்கவில்லை.

பிறகு புதிய வழிகள் வந்தன. மெயின்ஃபிரேமின் இசட்/ஓஎஸ் இயக்குதளத்தில் இசட்ஓஎஸ்எம்எஃப் என்ற சேவை வழியாகச் சாதாரண இணைய அழைப்பிலேயே டேட்டாசெட்டை (அங்கே கோப்புக்குப் பெயர்) படிக்கவும் வேலையை ஏவவும் முடிகிறது. அழைப்பில் சிஎஸ்ஆர்எஃப் என்ற பாதுகாப்புத் தலைப்பு ஒன்று இருந்தாக வேண்டும், மதிப்பு எதுவானாலும் சரி. மறந்தால் அனுமதி மறுக்கப்படும், காரணம் தேடி அலைவீர்கள். தரவு வகையை ரெக்கார்ட் என்று கேட்டால் ஒவ்வொரு பதிவுக்கும் முன் அதன் நீளம் 4 பைட்டில் வரும். பழைய தலை பைட் தொல்லை இல்லை. 2018இல் தொடங்கிய சோவி என்ற திறமூலத் திட்டம் இதற்கெல்லாம் பைத்தான் தொகுப்பே தருகிறது. பைத்தானை மெயின்ஃபிரேமின் உள்ளேயே ஓட்டவும் வழி இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எஃப்டிபியை விட்டுவிட்டு இங்கேயே தொடங்கலாம். ஆனால் வழி புதிதானாலும் வரும் பைட்கள் அதே பைட்கள்தான். 40 அங்கேயும் 40தான்.

கோப்புகளாக இல்லாமல் டிபி2 தரவுத்தளத்தின் அட்டவணைகள் என்றால் பாதி வேலை குறையும், எண்கள் எண்களாகவே வரும். தனி உரிமம் இல்லாமல் இசட்/ஓஎஸ் டிபி2-உடன் வெளியிலிருந்து பைத்தான் இணையாது என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வினவலைப் பகல் உச்ச நேரத்தில் ஓட்டாதீர்கள். மெயின்ஃபிரேம் மென்பொருள் வாடகை பல இடங்களில் 4 மணி நேரச் சராசரிப் பயன்பாடு அந்த மாதம் தொட்ட உச்சத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஆர்வக் கோளாறில் நீங்கள் ஓட்டும் ஒரு முழு அட்டவணை வினவல் அந்த உச்சத்தில் போய் விழுந்தால் அந்த மாத பில்லில் அது தெரியும்.

மூத்தவர் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் பக்கம் போய்விட்டார். போகும் முன், எந்தெந்தக் கோப்பில் எந்தெந்தப் புலம் எப்போது பொய் சொல்லும் என்று அவரிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். 74 பக்கம் வந்தது. அதில் பாதி விதிகளாவது இப்போது நிரலில் ஏறிவிட்டன.

நேற்று ஒதுக்கல் கோப்பில் 2 பதிவுகள் விழுந்திருந்தன. இரண்டிலும் தொகைப் புலம் முழுக்கச் சுழிய பைட்கள். குறி இருக்க வேண்டிய இடத்திலும் சுழியம். நிலைக் குறியீடு ரத்தும் இல்லை. "அண்ணா, சுழியம்தானே, பூஜ்யம் டாலர் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். நோட்டில் தேடினேன், இல்லை. கோபால் நிரலைத் திறந்து அவள் பக்கம் திரையைத் திருப்பி வைத்தேன்.